முப்பதாம் நோன்பு

கடலூர் முதுநகர் ஸ்டேஷனில் ஒரு போர்ட்டர் இருந்தார். சிதம்பரம் போகிற பாசஞ்சர் எப்போது வரும் என்று யார் கேட்டாலும், "வர்ற நேரத்துக்கு வரும்" என்பார். கேட்டவனுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். ஆனால் அந்த மனிதர் ஒரு நாளும் பொய்யர் ஆனதில்லை. வண்டி ஐந்து மணிக்கு வந்தாலும் சரி, ஏழு மணிக்கு வந்தாலும் சரி, வராமலே போனாலும் சரி, அவர் சொன்னதை யாரும் தப்பு என்று சொல்ல முடியாது. ஸ்டேஷன் மாஸ்டர்தான் பாவம். சாக்கட்டியால் பலகையில் நேரத்தை எழுதி வைப்பார். வாரத்தில் பாதி நாள் பொய்யராகி, வருகிறவன் போகிறவனிடமெல்லாம் வாங்கிக் கட்டிக்கொள்வார்.

இந்த இரண்டு பேரில் யார் விஞ்ஞானி என்று கேட்டால் ஊரே சிரிக்கும். ஸ்டேஷன் மாஸ்டர்தான் விஞ்ஞானி என்று எனக்குச் சொன்னவர் ஐரோப்பாவில் பிறந்த ஒரு தத்துவ ஆசிரியர். நேரில் இல்லை, புத்தகத்தில். அறுபதுகளின் நடுவில் நான் சிதம்பரத்தில் தத்துவம் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் நாலு பேர் தேடிப் பிடித்துப் படித்துவிட்டு, நீ புரிந்துகொண்டது தப்பு என்று எனக்குப் பாடம் எடுக்க வருவார்கள். அதையெல்லாம் கேட்கிற பொறுமை என்னிடம் இல்லை.

அவர், காலம் கெட்டுப்போனதும், பிறந்த ஊரை விட்டுப் போனவர். வேறு நாட்டில், தன்னுடையதல்லாத மொழியில் உட்கார்ந்து எழுதினார். அவர் சொன்னது இவ்வளவுதான். ஒரு கொள்கை எத்தனை தடவை சரியாக வந்தது என்று எண்ணிக்கொண்டு இருக்காதே. எது நடந்தால் அது தப்பு என்று ஆகும், அதைக் கேள். அதற்குப் பதில் இருந்தால் அது விஞ்ஞானம். எது நடந்தாலும் தப்பே ஆகாது என்றால், அது வேறு என்னவாக வேண்டுமானாலும் இருக்கட்டும், விஞ்ஞானம் இல்லை. எதையும் நிச்சயமாக நிரூபிக்க முடியாது. இன்னும் விழவில்லை என்றுதான் சொல்ல முடியும். விழுந்தால் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததைக் கொண்டு வா.

இதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. ஹாஸ்டலில் எதிரில் வந்தவனையெல்லாம் பிடித்துக் கேட்டேன். ஜாதகம் பார்க்கிற அறைத் தோழனைக் கேட்டேன். உருண்டை மருந்து கொடுக்கிற வாத்தியாரைக் கேட்டேன். காய்ச்சல் குறைந்தாலும் மருந்து வேலை செய்கிறது, ஏறினாலும் வேலை செய்கிறது என்பவர் அவர். என்னைக் கண்டாலே அவர் வராந்தாவின் அந்தப் பக்கம் போக ஆரம்பித்தார். அதோடு நின்றிருக்கலாம். நான் அந்தக் கேள்வியைக் கடலூருக்கும் எடுத்துக்கொண்டு போனேன்.

எங்கள் அத்தாவும் அம்மாவும் முன்பே மவுத்தாகிவிட்டார்கள். எனக்கு மிஞ்சியது ஒரே அக்கா. முதுநகரில் மாமியார் வீட்டில் இருந்தாள். கல்யாணமாகி ஒரு வருஷத்தில் மச்சான் ரங்கூனுக்குக் கப்பலேறினார். எங்கள் தெருவில் அது ஒரு செய்தியே இல்லை. வீட்டுக்கு ஒருத்தர் பர்மாவிலோ மலேயாவிலோதான் இருந்தார். கொஞ்ச காலம் மாதம் தவறாமல் கடுதாசி வந்தது. பிறகு எப்போதாவது வந்தது. பிறகு நின்றே போனது. அதற்கப்புறம் அங்கே ராணுவம் ஆட்சிக்கு வந்து, கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டு, நம் ஆட்கள் கட்டின கைலியோடு கப்பல் கப்பலாக மெட்ராஸில் வந்து இறங்கினார்கள். மச்சான் எந்தக் கப்பலிலும் இல்லை.

அக்காவின் மாமியார், நான் மாமி என்று கூப்பிடுகிறவர், ஒரு கப்பலையும் விடவில்லை. வந்தவர்கள் யாராவது நம் பக்கத்து ஊரில் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் போதும், ஆள் அனுப்பி விசாரிப்பார். கடுதாசி வரவில்லையா, அங்கே தபாலைப் பிரித்துப் பார்க்கிறார்கள். பக்கத்து வீட்டுக்கு வந்ததே என்றால், என் மகன் ரோஷக்காரன், வெறுங்கையோடு எழுத மாட்டான். கப்பலில் வரவில்லையா, கடையைக் காவல் காக்கிறான். கடையைத்தான் பிடுங்கிக்கொண்டார்களே என்றால், அப்போ ஜெயிலில் இருப்பான். ஜெயிலில் இருந்து வந்தவரே பார்க்கவில்லை என்றாரே என்றால், பர்மாவில் ஒரே ஜெயிலா இருக்கு? நான் தலையில் அடித்துக்கொள்வேன். மாமி கெட்டவர் இல்லை. அதுதான் தொல்லை. மீன் குழம்பு வைத்தால் நடுத்துண்டை அக்கா தட்டில்தான் போடுவார். கெட்டவராக இருந்திருந்தால் அக்கா என்றைக்கோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பாள்.

அந்த வருஷம் அக்காவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பரங்கிப்பேட்டையில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். மனைவி இறந்துவிட்டார், ஒரு சின்னப் பெண் குழந்தை. அவருடைய அக்கா அந்தக் குழந்தையையும் அழைத்துக்கொண்டு வந்து, என்னிடம் நேராகவே கேட்டுவிட்டுப் போனார். நோன்புப் பெருநாள் வரைக்கும் பார்ப்போம், அதற்குமேல் வீட்டில் பொறுக்க மாட்டார்கள் என்றார். நான் காஜியாரிடம் ஓடினேன். புருஷன் இருக்கிற இடமே தெரியாமல் நாலு வருஷம் போனால் பெண் அந்த நிக்காஹை முறித்துக்கொள்ளலாம், சட்டமும் உண்டு, ஜமாஅத்திலும் நான் பேசுகிறேன் என்றார். "ஆனா அந்தப் புள்ளை தன் வாயால கேக்கணும் தம்பி. நீ கேட்டு நான் செய்ய முடியாது."

அக்கா வாயே திறக்கவில்லை. மாமி முகத்தைப் பார்த்தால் அவளுக்குப் பேச்சு வராது. ஆனால் ஆசை இருந்தது. எனக்குத் தெரியும். வந்த குழந்தையைப் பிடித்து உட்கார வைத்து, சிக்கெடுத்து, இரட்டைப் பின்னல் போட்டு அனுப்பினாள். ஒரு வாரம் கழித்து நான் சிதம்பரத்துக்குக் கிளம்பும்போது, பையை எடுத்துக் கொடுத்துக்கொண்டே, "பரங்கிப்பேட்டையில வண்டி எவ்ளோ நேரம் நிக்கும் தம்பி?" என்று கேட்டாள்.

"ஒரு நிமிஷம் நிக்கும். ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."

நோன்பின் கடைசி வாரத்தில் மொழிப் போராட்டம் வெடித்தது. கல்லூரியை மூடி எங்களை வீட்டுக்கு விரட்டினார்கள். ஊரெல்லாம் போலீஸ். எப்படியோ கடலூர் வந்து சேர்ந்து, மாமி வீட்டிலேயே நோன்பு திறந்தேன். கஞ்சி குடித்து முடித்ததும் மாமி வழக்கமான கதையை ஆரம்பித்தார். புதிதாக ஒரு கப்பல் வந்திருக்கிறதாம், இந்தத் தடவை கட்டாயம் வந்துவிடுவானாம். எனக்குப் பொறுக்கவில்லை.

"மாமி, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எது நடந்தா மச்சான் இனிமே இல்லேன்னு ஒத்துக்குவீங்க?"

"நோன்பும் அதுவுமா உன் வாயில நல்ல வார்த்தையே வராதாடா?"

"கோவப்படாதீங்க. இது நடந்தா நான் ஒத்துக்குறேன்னு ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

"நான் ஒத்துக்குற மாதிரி ஒண்ணும் நடக்காது. பெத்தவ எனக்குத் தெரியாதா? நீ படிச்ச படிப்பு ஜாஸ்தியாப் போச்சு, அதான் இப்படிப் பேசுறே."

ஸ்டேஷன் போர்ட்டர் மாமி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தார் என்றுதான் தோன்றியது. நான் மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அக்கா அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். கையில் மாவு காயவில்லை.

"நான் சொல்றேன்" என்றாள். "இந்தப் பெருநாள் பிறை தெரியறதுக்குள்ள அவுங்க உசுரோட இருக்காங்கன்னு ஒரு சேதி வந்தா, நான் இந்த வூட்டு மருமவ. சாவுற வரைக்கும். வரலைன்னா காஜியார்கிட்ட நானே என் வாயால சொல்றேன்."

மாமி திகைத்துப்போய் அவளைப் பார்த்தார். எனக்கோ எழுந்து குதிக்க வேண்டும் போல இருந்தது. அந்த ஐரோப்பியர் எத்தனை பக்கம் எழுதினார்! ஐந்தாம் வகுப்போடு நின்ற என் அக்கா மாவுக் கையோடு நின்று ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள். எது நடந்தால் எது தப்பு, எப்போதுக்குள், எல்லாம் முன்கூட்டியே. மாமி நாளைக்கே பேச்சை மாற்றுவார் என்று எனக்குத் தெரியும். அவரைக் கட்டிப்போட வேண்டும் என்று நான் உரக்கச் சொன்னேன். "சொன்னது சொன்னதுதான். அப்புறம் அது இதுன்னு ஒட்டுப்போடக் கூடாது. ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் சொல்றேன்."

"வரும்" என்றார் மாமி. "இன்ஷா அல்லாஹ் வரும்."

பிறை விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் மாதத்துக்கு இருபத்தொன்பது நாளா, முப்பது நாளா என்று முன்னாலேயே யாரும் சொல்ல முடியாது. இருபத்தொன்பதாம் நோன்பு மாலையில் மேற்கே பார்ப்போம். பிறை கண்ணில் பட்டால் மறுநாள் பெருநாள். படாவிட்டால் இன்னும் ஒரு நோன்பு. முப்பதுக்கு மேல் போகாது.

இருபத்தொன்பதாம் நோன்பு வரைக்கும் ஒரு சேதியும் இல்லை. அன்று சாயங்காலம் தெருவே உப்பனாற்றுக் கரையில் நின்றது. நானும் நின்றேன். என் வயதில் அவ்வளவு பயபக்தியோடு பிறை பார்த்தவன் வேறு யாரும் இருந்திருக்க மாட்டான். காலையிலிருந்து பளிச்சென்று இருந்த வானம்! சூரியன் இறங்குகிற நேரத்தில் கேப்பர் மலைக்கு மேலே ஒரு மேகம் வந்து உட்கார்ந்துகொண்டது. மற்ற பக்கமெல்லாம் வெளுப்பு. அந்த இடத்தில் மட்டும் மேகம். பள்ளிவாசலில் வெளியூர்த் தகவலுக்காகக் காத்திருந்தார்கள். போராட்டக் கலாட்டாவில் தந்தியும் வரவில்லை, ஆளும் வரவில்லை. நாளைக்கும் நோன்பு என்று அறிவித்துவிட்டார்கள்.

அக்கா அதற்குள் மருதாணி வைத்திருந்தாள். மச்சான் கடுதாசி நின்றதிலிருந்து அவள் கையில் மருதாணியை நான் பார்த்ததில்லை. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கொல்லைப் படியில் உட்கார்ந்திருந்தாள்.

"பிறை பொறந்துருக்கும் அக்கா. மேகம்தான் மறைச்சிருச்சு. இன்னிக்கோட முடிஞ்சுதுன்னு வச்சுக்க" என்றேன்.

"கண்ணால கண்டாத்தான் பெருநாள். ஊருக்கெல்லாம் அதே சட்டம்தானே" என்றாள். அவளுக்கு அன்றைக்குச் சிரிப்புக்கூட வந்தது. "ஒரு நாள்தானே தம்பி, போயிடும்."

முப்பதாம் நோன்பு அன்று, பிற்பகல் அசர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் ஒருவர் வந்தார். பர்மாக் கைலி, எலும்பும் தோலுமான உடம்பு, கையில் ஒரு துணிமூட்டை. வீட்டுப் பெயரைச் சொல்லி இதுதானா என்று கேட்டார். கப்பலில் வந்து மெட்ராஸ் முகாமில் இருந்துவிட்டு, பெருநாளுக்குச் சொந்த ஊருக்குப் போகிறவர். வழியில் இறங்கி ஒரு சலாம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறார். கூடத்தில் பாயை விரித்து உட்கார வைத்தேன். மாமியும் அக்காவும் திரைக்குப் பின்னால் வந்து நின்றார்கள். திரைக்குக் கீழே இரண்டு பேருடைய பாதமும் தெரிந்தது.

"உங்க மச்சான் நல்லா இருக்காப்ல தம்பி" என்றார் அவர். "மேல் பர்மாவுல ஒரு சின்ன ஊர்ல இருக்காப்ல. தேத்தண்ணிக் கடை. நான் கப்பலுக்குக் கிளம்பறதுக்கு முந்தி அவரு வூட்டுலதான் சாப்பிட்டேன்."

திரைக்குப் பின்னாலிருந்து மாமி கேட்டார். "புருவத்துல தழும்பு இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா. வலது பக்கம்."

அத்தனை வருஷத்தில் மாமி சாட்சி கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"வீடுன்னீங்களே, யாரு வீடு?" என்றேன் நான்.

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "அந்த ஊருப் பொண்ணு தம்பி. ரெண்டு புள்ளைங்க இருக்கு. கடையும் அது பேருலதான். அதனாலதான் அரசாங்கத்துக்காரன் கை வைக்கலே."

"வருவாரா?"

"வர்ற மாதிரி எனக்குத் தெரியலே."

"எங்களுக்கு ஏதாவது சொல்லச் சொன்னாரா?"

"அம்மாவுக்கு சலாம் சொல்லச் சொன்னாப்ல."

"வேற?"

அவருக்கு அப்போதுதான் ஏதோ புரிந்திருக்க வேண்டும். திரையை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "வேற ஒண்ணும் சொல்லலே தம்பி."

திரைக்குக் கீழே ஒரு ஜோடி பாதம் உள்ளே போனது. மாமி அங்கேயே நெற்றி தரையில் பட ஸஜ்தாவில் விழுந்துவிட்டார். வந்தவர் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நான் சொல்லலே? பெத்த வயிறு பொய் சொல்லுமா? அந்தப் பர்மாக்காரியோட எத்தனை நாளைக்கு இருந்துருவான்? புள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு வந்துருவான் பாரு." நான் கையை விடுவித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

மச்சான் இறந்துவிட்டார் என்பது என் கொள்கை. நல்ல கொள்கைதான். தப்பாகப் போக இடம் வைத்திருந்த கொள்கை. அதனால் தப்பாகப் போனது. வந்துவிடுவான் என்ற மாமியின் கொள்கைக்கு ஒரு கீறல் விழவில்லை. அன்று மாலை வானத்தில் ஒரு மேகம் இல்லை. பிறை நகத்துண்டு போலத் தெளிவாகத் தெரிந்தது. கரையில் எல்லாரும் கட்டிப்பிடித்து, கைகொடுத்து முஸாபஹா செய்துகொண்டார்கள். எனக்கு அந்தப் பிறையைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

பெருநாள் கழிந்ததும் காஜியாரிடம் போனேன். இருக்கிற இடம் தெரிந்துவிட்ட மனுஷனைக் காணாமல் போனவர் என்று சொல்ல முடியாது என்றார். அதோடு விடவில்லை நான். மஞ்சக்குப்பத்துக் கோர்ட்டில் ஒரு வக்கீலைப் பிடித்தேன். அவர் சிரித்தார். "இவ்வளவுதானா? இத்தனை வருஷம் சோறு போடாத புருஷன். அந்த ஒண்ணு போதுமே. இன்னும் சுலபம்" என்றார். பஸ்ஸுக்குக்கூடக் காத்திருக்காமல் ஒரு சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு முதுநகருக்குப் பறந்தேன்.

அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கையில் மருதாணி இன்னும் சிவப்பாக இருந்தது. நான் மூச்சு வாங்கச் சொன்னதையெல்லாம் கேட்டாள்.

"சேதி வந்துச்சா இல்லையா?" என்றாள்.

"வந்துச்சு. ஆனா என்ன சேதி வந்துச்சுன்னு பாரு! வேற ஒருத்தியோட குடும்பம் நடத்துறான்! உன் பேரைக்கூடக் கேக்கலே!"

"உசுரோட இருக்காங்கன்னு வந்தா போதும்னு நான்தான் சொன்னேன். ஒட்டுப்போடக் கூடாதுன்னு நீதான் சொன்னே."

"அது மாமிக்காகச் சொன்னதுக்கா!"

"ரெண்டு பேருக்கும் சேத்துன்னியே." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். மாமி பக்கத்து அறையில் தொழுதுகொண்டிருந்தார். "சேதி வராம இருந்திருந்தா, அவுங்க எவ்ளோ அழுதாலும் வாயை மூடுங்கன்னு சொல்லியிருப்போம், இல்லே? இப்ப நான் மூடிக்கணும்."

நான் கத்தினேன். கெஞ்சினேன். படித்த முட்டாள் என்று என்னையே திட்டிக்கொண்டேன். புத்தகத்தில் சொன்ன விதியை மனுஷன் வாழ்க்கையில் கொண்டு வந்து வைக்கலாமா என்று அவளையே கேட்டேன். அவள் அரிசியைப் புடைத்துக்கொண்டே இருந்தாள். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்னால் அந்த ஜவுளிக்கடைக்காரருக்கு லால்பேட்டையில் கல்யாணம் ஆனது. என் மீது வருத்தமில்லாமல் பத்திரிகையும் வைத்தார்கள். நான் போகவில்லை.

அதற்கப்புறம் சொல்ல அதிகம் இல்லை. எம்.ஏ. முடித்தேன். சிதம்பரத்திலேயே ஒரு டுடோரியலில் வேலை கிடைத்தது. அந்தத் தத்துவ ஆசிரியரைப் பற்றி ஆராய்ச்சி செய்வதாக இருந்தேன். நாலு பக்கம் எழுதுவேன், அக்காவின் கை ஞாபகம் வரும், மூடி வைத்துவிடுவேன். அப்படியே அது நின்றுபோனது. அவர் சொன்னது தப்பு என்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன். தப்பாக இருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

அறுபத்தொன்பதில் மாமி மவுத்தானார். கடைசி வாரத்தில்கூட வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் கண்ணைத் திறந்தார். அடக்கம் முடிந்து நாற்பதும் கழிந்த பிறகு, அந்தப் பெரிய வீட்டில் அக்கா தனியாக இருப்பதைப் பார்க்கச் சகிக்காமல் மறுபடியும் ஆரம்பித்தேன். இனிமேல் யாருக்காக, வக்கீல் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறார், வயது ஒன்றும் போய்விடவில்லை என்று என்னென்னவோ சொன்னேன். கடைசியில் என் வாய் சும்மா இருக்குமா? "எது நடந்தா நீ இதை விடுவே அக்கா? ஒண்ணு சொல்லு" என்று கேட்டுவிட்டேன்.

அவள் கொல்லைப் படியில் உட்கார்ந்து கோழிக்குக் குருணை இறைத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தினாள்.

"ஒரு தடவை சொன்னேனே தம்பி. ஏன் பெருநாள் பிறைன்னு சொன்னேன், தெரியுமா? ஒரு வாரம்தான் பாக்கி இருந்துச்சு. நாலு வருஷமா வராத சேதி ஒரு வாரத்துல எங்க வரப்போவுதுன்னுதான் சொன்னேன். வேணும்னேதான் வச்சேன்." மறுபடியும் ஒரு பிடி குருணையை இறைத்தாள். "அந்தப் புள்ளைக்குப் பாவாடைக்கு அளவுகூட எடுத்து வச்சிருந்தேன்."

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, அந்தப் புத்தகத்தில் இருந்ததைச் சொன்னேன். ஒன்று விழுந்தால் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததைக் கொண்டு வர வேண்டும் என்று ஒரு பெரிய மனுஷர் எழுதியிருக்கிறார் என்றேன்.

"அவருகிட்ட வேற இருந்திருக்கும்" என்றாள் அக்கா. "என்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான்."

சாயங்கால பாசஞ்சரில் சிதம்பரம் திரும்பினேன். பரங்கிப்பேட்டையில் சிக்னல் கிடைக்காமல் வண்டி வெகுநேரம் நின்றது. இறங்கவும் ஏறவும் ஒருத்தரும் இல்லை.